நூற்று இருபத்தெட்டு தள்ளி

“மேடம், உங்க தங்கச்சி குழந்தைங்களுக்கு யாரோ கேஸ் படிக்கிறாங்க” என்று நர்ஸ் போனில் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். விஷயம் புரிவதெல்லாம் அதற்கு அப்புறம்.

“என்ன கேஸ்?”

“வாடகை கேஸ் மேடம். எதிர்மனுதாரர் வீட்டைக் காலி பண்ண மாட்டேங்கிறாராம். பாப்பா பெட்டிக்குள்ள இருந்துதான் சத்தம் வருது. உங்க தங்கச்சி குரலும் வருது. ரெண்டும் சேந்து வருது.”

நான் இந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். நானும் எனக்கு மூத்த ஒருவரும், ஆக இரண்டே பேர். ஸ்கேன் படம் வராவிட்டால் எங்களைத் திட்டுவார்கள், வந்துவிட்டால் டாக்டரைப் பாராட்டுவார்கள். பழகிப் போய்விட்டது. ஆனால் அந்த வாரம் நான் வெறும் ஊழியர் மட்டுமில்லை, இரண்டு குழந்தைகளுக்குப் பெரியம்மாவும்கூட.

என் தங்கையை வீட்டில் பாப்பு என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி, சொந்தமாகத் தையல் கடை வைத்து, நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வந்த பிறகும் அவள் பாப்புதான். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். நாள் வரும்வரை பொறுக்காமல் அவசரப்பட்டு வந்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு பாப்புவுக்குக் காய்ச்சல், தொற்று. அவளை மேல்மாடியில் தனியறையில் போட்டார்கள். குழந்தைகளைக் கீழே கண்ணாடிப் பெட்டிகளில் வைத்தார்கள். பெற்றவள் இன்னும் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை எடுத்து அனுப்பிய போட்டோவில்கூடப் பாதி அவருடைய கட்டைவிரல்தான் இருந்தது.

இப்படிப்பட்ட தாய்மார்களுக்காக எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு உண்டு. தாயின் கட்டிலருகே ஒரு மைக், குழந்தையின் பெட்டிக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். பால் கொடுக்கும் வேளையில் அம்மா கொஞ்ச நேரம் பேசுவாள், அது சன்னமாகக் குழந்தைக்குக் கேட்கும். சோறு தண்ணீர் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பாப்பு, அந்த மைக் வந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். பேசி முடித்ததும் சாப்பிடுவாள். பேசுவதற்கு முன்னால் ஒரு வாய்கூட இறங்காது.

“அதுங்களுக்கு நான் யாருன்னு தெரியுமாக்கா?” என்று ஒருநாள் கேட்டாள். “ரேடியோல யாரோ பேசுற மாதிரிதானே இருக்கும்?”

“தெரியாமலா இருக்கும்” என்றேன். எனக்கு உண்மையில் தெரியாது. குழந்தைகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும், எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச்.

அந்தச் சுவிட்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டி அது. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கேபிள் ஒவ்வொரு கருவிக்குப் போகும். எல்லாக் கருவிக்கும் தனித்தனியாக ஒரு விலாசம் உண்டு, புள்ளி வைத்த நான்கு எண்கள். அதைத் தவிர இன்னொரு வகை விலாசமும் உண்டு. அதைக் குழு விலாசம் என்போம். அந்த விலாசத்தில் யாரும் குடியிருப்பதில்லை. பாப்புவின் குரல் அப்படி ஆளில்லாத ஒரு விலாசத்துக்குத்தான் போகிறது. கேட்க விரும்பும் ஸ்பீக்கர், “எனக்கும் வேணும்” என்று சுவிட்சிடம் சொல்லிவைக்கும். சுவிட்ச் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மட்டும் பிரதி எடுத்துக் கொடுக்கும். பக்கத்துத் துளைக்கு ஒரு முணுமுணுப்புகூடப் போகாது. பாப்பு ஒருமுறைதான் வாயைத் திறக்கிறாள். அது இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு குரலாகப் போய்ச் சேருகிறது. பேசுகிறவளுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் புரிந்துகொண்ட அன்று, சுவிட்சின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்தப் பிரமிப்பு குறையவில்லை. யாரிடமாவது சொன்னால், “சரி, என் கம்ப்யூட்டர் ஏன் மெதுவா இருக்கு?” என்று கேட்பார்கள்.

நான் வார்டுக்கு ஓடியபோது குழந்தை டாக்டர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். குரலை உயர்த்தவே தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

“ரெண்டு குரல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வருது” என்றார். “இவ்வளவு சின்னதுங்க விஷயத்துல சத்தத்தோட நான் விளையாட மாட்டேன். அடுத்த பால் வேளைக்குள்ள சரி பண்ணிக் காட்டுங்க. இல்லன்னா ஸ்பீக்கரையெல்லாம் கழட்டச் சொல்லிடுவேன்.”

“கழட்டினா மறுபடி எப்போ மாட்டுவீங்க டாக்டர்?”

“அம்மாங்க குணமாகி நேர்ல வந்தா அதுக்குத் தேவையே இருக்காதே.”

பாப்பு எப்போது குணமாவாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த மைக்கைப் பிடுங்கினால் அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

பெட்டிக்குள் பெண்குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தது. என் உள்ளங்கை அளவுக்குத்தான் முதுகு. இரண்டில் இதுதான் இளைத்தது. நடுநடுவே மூச்சுவிட மறந்துபோகும், நர்ஸ் பாதத்தைத் தட்டி ஞாபகப்படுத்துவாள். அடுத்த பெட்டியில் பையன் உலகமே இடிந்தாலும் எனக்கென்ன என்று தூங்கிக்கொண்டிருந்தான். அப்படியே அவன் அப்பா.

கேஸ் படித்தது யார் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. வார்டின் மறுபாதியில் இருக்கும் ஒரு குழந்தையின் அம்மா வக்கீல். அவரும் மேலே படுக்கையில். “குழந்தைகிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியலங்க” என்று போனில் வெட்கப்பட்டார். “எனக்குத் தெரிஞ்சது இதுதான். இன்னிக்குத்தான் ஆரம்பிச்சேன். மெதுவாத்தான் படிக்கிறேன்.” அவர் குரல் அவர் மகனுக்கு மட்டும் போக வேண்டும். அது எப்படி எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் வந்தது?

சுவிட்ச் அறையில் என் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேர்தான், ஜாக்கிரதை. ஏணி ஏறினால் ஜாக்கிரதை, பாஸ்வேர்டு தட்டினால் ஜாக்கிரதை, டீ சூடாக இருந்தால் அதற்கும் ஜாக்கிரதை. விலாசங்களைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதில் அவரை யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

“இவங்க ரெண்டு பேருக்கும் என்ன விலாசம் குடுத்தீங்க சார்?”

“வேற வேறதாம்மா. உன் தங்கச்சிக்கு 239.1.7.4. வக்கீலம்மாவுக்கு 239.129.7.4. பழைய வார்டுக்கெல்லாம் ரெண்டாவது எண் ஒண்ணு, புது வார்டுக்கெல்லாம் நூத்தி இருபத்தொன்பது. ஜாக்கிரதையா நடுவுல நூத்தி இருபத்தெட்டு விட்டிருக்கேன். ஒண்ணோட ஒண்ணு இடிக்கவே கூடாதுன்னுதான் அவ்வளவு தள்ளி வச்சேன்.”

போன வாரம்தான் பழைய வார்டைப் பழுது பார்க்க மூடிவிட்டு, அங்கிருந்த பெட்டிகளைப் புது வார்டின் பாதிக்கு மாற்றியிருந்தோம். அதுவரை இரண்டும் வேறு வேறு சுவிட்சில் இருந்தன. இப்போது ஒரே சுவிட்ச். நான் அதன் ஞாபகத்தைத் திரையில் கொண்டுவந்தேன். இரண்டு அம்மாக்களுக்கு இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரிக்குள் மூன்று துளைகள், எங்கள் பிள்ளைகள் இருவரும் வக்கீல் மகனும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அதே நொடியில் உறைத்திருக்க வேண்டும், எழுந்து நின்றுவிட்டார். இதை நாங்கள் இருவருமே படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம்.

சுவிட்ச் குழு விலாசத்தை முழுசாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். அப்படிச் சுருக்கும்போது முதல் எண் அடியோடு போய்விடும். இரண்டாவது எண் நூற்று இருபத்தெட்டோ அதற்கு மேலோ இருந்தால், நூற்று இருபத்தெட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வைத்துக்கொள்ளும். சுவர்க்கடிகாரத்துக்குப் பதின்மூன்று மணியும் ஒரு மணியும் ஒன்றுதானே, அதுபோல. காகிதத்தில் முப்பத்திரண்டு வெவ்வேறு விலாசங்கள் சுவிட்சின் கண்ணுக்கு ஒரே விலாசம். நூற்று இருபத்தொன்பதில் நூற்று இருபத்தெட்டு போனால் ஒன்று.

“அந்த இடத்துல எதை வேணா போட்டிருக்கலாம்மா” என்றார் ஜாக்கிரதை. குரல் இறங்கிப்போயிருந்தது. “ரெண்டுல இருந்து இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் எதை எடுத்திருந்தாலும் தப்பிச்சிருப்பேன். ஒண்ணே ஒண்ணுதான் இடிக்கும். அதைத் தேடிப் பிடிச்சு எடுத்திருக்கேன்.”

திட்டுவதற்காகத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அவர் முகத்தில் அவமானத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. எனக்கும் அப்படித்தான். ஒதுங்கிப் போகிறேன் என்று ஒரு மனிதர் அளந்து அளந்து அடியெடுத்து வைத்து, நேராகப் போய் மோதியிருக்கிறார்.

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. சுவிட்ச் குழப்பினாலும், குரலைச் சுமந்து வரும் பொட்டலத்தின் மேல் முழு விலாசம் எழுதித்தான் இருக்கும். வாங்குகிற ஸ்பீக்கர் அதைப் படித்துப் பார்த்து, இது எனக்கு வந்ததில்லை என்று தள்ளிவிட வேண்டும். அந்தக் கடைசிச் சோதனை வாங்குகிறவன் வேலை. எங்கள் ஸ்பீக்கர்களோ மலிவுச் சரக்கு. விலாசமெல்லாம் பார்க்காது, வாசலுக்கு வந்ததையெல்லாம் சேர்த்து ஒலித்துவிடும்.

வக்கீலுக்குப் புது விலாசம் தேட உட்கார்ந்தோம். “நூத்தி முப்பது?” என்றார். கழித்தால் இரண்டு. இரண்டில் அறிவிப்பு ஒலிபெருக்கிகள் இருந்தன. “எல்லாம் சுழியம் போட்டுடலாமா?” அது இன்னும் மோசம். நடு எண்கள் சுழியமானால் சுவிட்ச் அதைத் தன் சொந்தப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு எல்லாத் துளையிலும் கொட்டிவிடும். அப்புறம் ஆஸ்பத்திரி முழுக்க வாடகை கேஸ்தான். காகிதத்தில் எப்படித் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, சுவிட்சுக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துப் பார்த்தோம். கடைசியில் முப்பத்தேழு காலியாக இருந்தது. நூற்று அறுபத்தைந்தையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

“உடனே மாத்திடவா?” என்று கேட்டார்.

“வேணாம் சார். டாக்டர் கண்ணு முன்னாடி மாத்தணும். முதல்ல கோளாறைக் காட்டி, அப்புறம் அது போறதைக் காட்டணும். வெறுமனே சரியாயிடுச்சுன்னு சொன்னா அவர் நம்ப மாட்டார்.”

அவர் கீபோர்டோடு அங்கேயே இருந்தார். நான் காதில் போனை வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு பெண்குழந்தையின் பெட்டியருகே நின்றார். மேலே இரண்டு அம்மாக்களையும் அதே அழைப்பில் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது, நான் கூப்பிட்டால் பேச வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்.

முதலில் வக்கீலைப் பேசச் சொன்னேன். பாப்புவின் மைக் சும்மா இருந்தது. ஸ்பீக்கரில் வாடகை கேஸ் ஆரம்பித்தது. நல்ல இதமான குரல்தான். குழந்தை சுளித்த முகம் சுளித்தபடியே, காற்றைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தது. தலைமாட்டுத் திரையில் இதயத் துடிப்பு நூற்று எழுபதையொட்டி ஆடிக்கொண்டிருந்தது.

“இது அடுத்தவங்க குரல். இங்க வரவே கூடாது” என்றேன் டாக்டரிடம். பிறகு போனில், “பாப்பு, நீயும் பேசு. அவங்க நிறுத்த மாட்டாங்க, நீ பாட்டுக்குப் பேசு.”

பாப்புவின் குரல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அது கரகரத்துப் போயிருந்தது. மாப்பிள்ளை இன்றைக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. சட்டையும் எதிர்மனுதாரரும் ஒன்றோடொன்று சிக்கி, சந்தை இரைச்சல் மாதிரி ஆகிவிட்டது. என்னோடு பிறந்தவளின் பேச்சு, எனக்கே ஒரு வார்த்தை விளங்கவில்லை.

குழந்தையின் கை நின்றது.

பிறாண்டிக்கொண்டிருந்த விரல்கள் விரிந்து, மெல்ல மடங்கின. நெற்றிச் சுருக்கம் போயிற்று. உதடு லேசாகப் பிரிந்தது. தலையைத் திருப்புகிற தெம்பு அதற்குக் கிடையாது, ஆனால் கன்னம் துணியில் ஒரு நூலளவு ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தது. திரையில் எண் இறங்கியது. நூற்று அறுபதுக்கு வந்து, அதற்குக் கீழேயும் போயிற்று.

டாக்டர் கட்டியிருந்த கையை எடுத்தார். “உங்க தங்கச்சியை நிறுத்தச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். வக்கீல் மட்டும் தொடர்ந்தார். எண் ஏறியது, நெற்றி சுருங்கியது.

“மறுபடி பேசச் சொல்லுங்க.”

இரைச்சல் மறுபடி கிளம்பியது. எண் மறுபடி இறங்கியது. அவர் இன்னும் ஒருமுறை அதையே செய்யச் சொன்னார். இன்னும் ஒருமுறையும் அதேதான் நடந்தது. நர்ஸ் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“தற்செயல்னு சொல்லலாம்னுதான் திரும்பத் திரும்பப் பாத்தேன்” என்றார் டாக்டர்.

“இப்போ என்ன சொல்றீங்க டாக்டர்?”

“இப்போ அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரல.”

லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சுவிட்ச் இரண்டையும் ஒன்றென்று நினைத்தது. ஸ்பீக்கர் பார்க்கவேயில்லை. கூடப் பிறந்த எனக்கும் பிரித்துக் கேட்க முடியவில்லை. எல்லோரும் கைவிட்ட அந்தக் கடைசிச் சோதனையை, மூச்சுவிடக்கூட ஞாபகமில்லாத ஒரு பொடிசு உட்கார்ந்து செய்துகொண்டிருந்தது. இது எனக்கு வந்தது, அது எனக்கில்லை. யார் இதற்குச் சொல்லிக்கொடுத்தது? எப்போது கற்றுக்கொண்டது? உள்ளே இருந்த மாதங்களில் தையல் மெஷின் இரைச்சலுக்கு நடுவே இந்தக் குரலைப் பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கும்போல. எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

“சார், மாத்துங்க” என்றேன் போனில்.

“ஜாக்கிரதையா மாத்துறேன்” என்றார் அவர்.

‘காலி செய்ய மறுத்த’ என்ற இடத்தோடு வக்கீலின் குரல் எங்கள் ஸ்பீக்கரிலிருந்து போயிற்று. தூசி தட்டிய துணி மாதிரி பாப்புவின் குரல் மட்டும் சுத்தமாக நின்றது. மாப்பிள்ளை சட்டையின் தையலைப் பற்றி அவள் இன்னும் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்டின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு நர்ஸ், வக்கீல் குரல் இங்கே தனியாக வருகிறது என்று கட்டைவிரலைக் காட்டினாள்.

“ஸ்பீக்கர் இருக்கட்டும்” என்றார் டாக்டர். “கழட்ட வேணாம்.”

எனக்குப் பாப்புவிடம் உடனே சொல்லியாக வேண்டும். “பாப்பு, கேளு. ரெண்டு பேர் குரலும் கலந்து வந்துது. எனக்கே ஒண்ணும் புரியல. உம் பொண்ணு உன்னைப் பிரிச்சுக் கண்டுபிடிச்சிட்டா.”

“என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லாதக்கா.”

“நான் எப்போடி உன்னைத் தேத்தியிருக்கேன்?”

அது அவளுக்கும் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். டாக்டர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“டாக்டர் பேசுறேம்மா. உங்க அக்கா சொல்றது நிஜம். அந்தம்மா தனியாப் பேசினப்போ அடங்காத குழந்தை, நீங்க வாயைத் திறந்ததும் அடங்கிடுச்சு. அத்தனை தடவையும் அப்படித்தான். நான் இதை நிறுத்தச் சொல்ல வந்தவன்.”

பாப்பு மைக்கை அணைக்க மறந்திருந்தாள். இரண்டு பெட்டிகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் என் தங்கையின் அழுகை கேட்டது. முதலில் அடக்கிப் பார்த்தாள், பிறகு அடக்கவில்லை. பையன் கண்ணைத் திறந்தான். நர்ஸ் பதறிப்போய் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

டாக்டர் அவளைத் தடுத்தார். திரையில் பெண்குழந்தையின் துடிப்பு எண் ஏறவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.